மாலத்தீவில் ஸ்கூபா டைவிங்: எந்தத் தீவில் தங்குவது?

முதல் தடவை மாலத்தீவு போனபோது ஒரு படத்தைப் பார்த்துத்தான் தீவை முடிவு செய்தேன். தண்ணீருக்கு மேல் மரக்கால் ஊன்றிய குடில், கட்டிலுக்குப் பக்கத்தில் கண்ணாடித் தரை, கீழே பச்சையும் நீலமும் கலந்த கடல். போய்ச் சேர்ந்து, முகமூடியை மாட்டிக்கொண்டு படியில் இறங்கினால் வெறும் மணல். இடுப்பளவு தண்ணீரில் கால் மணி நேரம் நடந்தேன், அப்போதும் மணல்தான். நடுநடுவே கறுப்பாக ஒரு கடல் அட்டை. மீன் இருக்கும் பவளப்பாருக்குப் படகில்தான் போக வேண்டும், படகுக்குத் தனிக் காசு, குறைந்தது நான்கு பேர் சேர்ந்தால்தான் படகு கிளம்பும். அந்த வாரம் டைவ் அடிக்க வந்திருந்தவர்கள் நானும் ஒரு ஜெர்மன் பெரியவரும் மட்டும். ஐந்து நாளில் கிடைத்தது மூன்று டைவ்.

அந்த ரிசார்ட்டைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தேனிலவு வருகிறவர்களுக்காகக் கட்டிய தீவு, அந்த வேலையை அது நன்றாகவே செய்கிறது. அங்கே போய் டைவிங்கைத் தேடியதுதான் என் தப்பு. டைவிங்குக்குப் போகிறவர் முதலில் கடலைப் பார்க்க வேண்டும். பிறகு மாதம், பிறகு தீவு, பிறகு டைவ் சென்டர். அறை கடைசி. பயண நிறுவனங்கள் காட்டும் பக்கங்களில் இந்த வரிசை அப்படியே தலைகீழாக இருக்கும். முதல் முறை போகிறவர்களுக்காக, நேரான வரிசையில் எழுதுகிறேன்.

ஊரிலேயே முடிக்க வேண்டியவை

இதுவரை டைவ் அடித்ததே இல்லை என்றால் இரண்டு வழி உண்டு. ஆசைக்கு ஒரு தரம் இறங்கிப் பார்ப்பது முதல் வழி. ஆசிரியர் கூடவே வருவார், ஆழம் அதிகபட்சம் 12 மீட்டர், சான்றிதழ் எதுவும் கிடையாது. மற்றது ‘ஓப்பன் வாட்டர்’ படிப்பு. மூன்று நான்கு நாள் ஆகும், முடித்தால் 18 மீட்டர் வரை உலகில் எங்கும் இறங்கலாம். அதற்கு அடுத்த ‘அட்வான்ஸ்டு’ 30 மீட்டர் வரை. மாலத்தீவுச் சட்டப்படி பொழுதுபோக்கு டைவிங்குக்கு 30 மீட்டர்தான் எல்லை, எவ்வளவு பெரிய சான்றிதழ் கையில் இருந்தாலும்.

என் ஆலோசனை, ஓப்பன் வாட்டர் படிப்பை மாலத்தீவில் ஆரம்பிக்காதீர்கள். ஒரு இரவுக்கு இவ்வளவு என்று டாலரில் கொடுத்துவிட்டு, அறையில் உட்கார்ந்து பாடக் காணொளி பார்ப்பது வயிற்றெரிச்சல். பாடத்தை இணையத்திலேயே முடிக்கலாம். புதுச்சேரியில் டைவ் பள்ளிகள் இருக்கின்றன. இலங்கை வாசகர்களுக்குத் திருகோணமலைப் பக்கம் நிலாவெளி, உப்புவெளி இருக்கின்றன. முழுப் படிப்பையும் அங்கேயே முடிக்கலாம். இல்லையென்றால் பாடத்தையும் நீச்சல்குளப் பயிற்சியையும் அங்கே முடித்து, கடல் டைவ் நான்கையும் மாலத்தீவில் அடிக்கலாம். இதற்கு ‘ரெஃபரல்’ என்று பெயர். பள்ளி கொடுக்கும் தாளுக்கு ஓர் ஆண்டுக் கெடு உண்டு.

மருத்துவப் படிவத்தை ஏனோதானோ என்று நினைக்க வேண்டாம். பத்துக் கேள்விகள் இருக்கும். ஆஸ்துமா, இதயம், காது அறுவை, தொடர்ந்து எடுக்கும் மாத்திரை என்று எதற்காவது ‘ஆம்’ போட நேர்ந்தால் மருத்துவர் கையெழுத்து வேண்டியிருக்கும். தீவில் போய் அதைக் கேட்டால் அங்குள்ள மருத்துவரைப் பார்க்க வேண்டும், அதற்கு டாலரில் கட்டணம். ‘இல்லை’ என்று பொய்யாக டிக் போட்டு இறங்குவதைப் பற்றி நினைக்கவே வேண்டாம். ஊரிலேயே குடும்ப மருத்துவரிடம் காட்டிக் கையெழுத்து வாங்கி எடுத்துப் போங்கள். கண்ணாடி போடுபவர்கள் பவர் உள்ள முகமூடி இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். நான் ஒரு முறை கேட்காமல் போய், எல்லோரும் விரல் நீட்டிக் காட்டிய சுறாவைப் பழுப்பு மங்கலாகப் பார்த்துவிட்டு வந்தேன்.

வானத்திலிருந்து தீவைப் பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள். ரிசார்ட் பெயரைக் கூகுள் வரைபடத்தில் போட்டு, செயற்கைக்கோள் படத்துக்கு மாற்றுங்கள்.

மாலத்தீவு என்பது வளையம் வளையமான பவளப்பார்களின் நாடு. வளையத்தின் மேல் சின்னச் சின்னத் தீவுகள், நடுவே அமைதியான கடல், வெளியே இந்தியப் பெருங்கடல். ‘அட்டோல்’ என்று உலகம் சொல்லும் சொல்லே மாலத்தீவு மக்களின் திவேஹி மொழியிலிருந்து போனதுதான். அங்கே ஒரு ரிசார்ட் என்றால் ஒரு முழுத் தீவு. ஆகவே தீவின் ஓரத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் நீங்கள் தங்கும் நாள் முழுக்கக் கிடைக்கும் கடல். பக்கத்துக் கடற்கரைக்கு ஆட்டோ பிடித்துப் போக முடியாது.

படத்தில் தீவைச் சுற்றி வெளிர்பச்சையாக, பால் கலந்தது போலத் தெரிவது மணல் களப்பு. அதற்கு அப்பால் சட்டென்று கருநீலமாக மாறும் ஒரு கோடு இருக்கும். அதுதான் பாரின் விளிம்பு, அங்கிருந்துதான் சுவர் போலக் கீழே இறங்கும். மீனும் ஆமையும் சுறாவும் அந்த விளிம்பில்தான். கரையிலிருந்து அந்தக் கோடு எவ்வளவு தூரம் என்று வரைபடத்தின் அளவுகோலை வைத்தே அளந்துவிடலாம். முப்பது, ஐம்பது மீட்டர் என்றால் அருமை, சிலிண்டரை மாட்டிக்கொண்டு கரையிலிருந்தே நடந்து இறங்கலாம். இதைத்தான் ‘ஹவுஸ் ரீஃப்’ என்கிறார்கள். முந்நூறு, நானூறு மீட்டர் என்றால் ஒவ்வொரு டைவுக்கும் படகுதான். தண்ணீர் மேல் வரிசையாகக் குடில்கள் கட்டப் பெரிய ஆழமில்லாத களப்பு வசதி என்பதால், குடில் வரிசை நீளமாக உள்ள தீவுகளில் பெரும்பாலும் ஹவுஸ் ரீஃப் தள்ளியே இருக்கும். விதிவிலக்கு உண்டு, ஆனால் அளக்காமல் நம்பாதீர்கள்.

ரிசார்ட் பக்கத்தில் ‘அழகிய ஹவுஸ் ரீஃப்’ என்று எழுதியிருப்பதை வைத்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது. எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். நல்ல ஹவுஸ் ரீஃபுக்கு டைவர்களிடையே நெடுநாளாகப் பெயர் எடுத்தவை என்றால், மாலே விமான நிலையத்துக்குப் பக்கத்தில் பண்டோஸ், அரி அட்டோலில் எல்லைதூ, விலமெந்தூ, மிரிஹி, ரஸ்தூ பக்கம் குரமதி, லவியானியில் குரெதூ. இவற்றைப் படத்தில் போட்டுப் பார்த்து, கருநீலக் கோடு எப்படி இருக்கும் என்று கண்ணைப் பழக்கிக்கொள்ளுங்கள். அதன் பிறகு எந்தத் தீவையும் அரை நிமிடத்தில் எடை போட்டுவிடுவீர்கள்.

புதியவருக்கு ஹவுஸ் ரீஃப் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், அங்கேதான் பயம் போகும். அதே இடம், அதே இறங்குவழி. முதல் நாள் மிதப்பைச் சரிசெய்வதிலேயே உயிர் போகும், பக்கத்தில் என்ன நீந்துகிறது என்று தெரியாது. மூன்றாம் நாள் ஆறு மீட்டரில் அசையாமல் நிற்பீர்கள். அப்போதுதான் கடல் சாமந்தியின் விரல்களுக்கிடையே ஒளிந்து ஒளிந்து எட்டிப் பார்க்கும் கறுப்பு வயிற்று மீன் கண்ணில் படும். மாலத்தீவு, இலங்கைப் பக்கம் தவிர வேறெங்கும் அதைப் பெரிதாகப் பார்க்க முடியாது. கொஞ்சம் நெருங்கினால் உள்ளங்கை அளவுகூட இல்லாத அந்த மீன் உங்கள் முகமூடியை நோக்கிப் பாய்ந்து மிரட்டும்.

நிறத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. படங்களில் வரும் செம்பவளத் தோட்டத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள். 1998-இல் கடல் சூடேறி ஆழமில்லாத பவளங்களில் பெரும்பகுதி வெளுத்துச் செத்தது. தேறி வரும்போது 2016-இல் மறுபடி அடி, 2024-இல் இன்னொன்று. பல இடங்களில் பவளம் பழுப்பும் சாம்பலுமாக, புதிதாகத் துளிர்த்தபடி இருக்கும். மீனுக்குக் குறைவில்லை. மாலத்தீவில் 2010-இல் சுறா பிடிப்பதைத் தடை செய்தார்கள், அதன் பலன் முதல் டைவிலேயே தெரியும்.

மாதத்தைப் பொறுத்துத் திசை மாறும்

நம் கடற்கரையில் வாடை, சோழகம் என்று சொல்வது போல அங்கே இருவை, ஹுளங்கு என்று இரண்டு பருவம். இருவை வடகிழக்குக் காற்று, ஏறத்தாழ டிசம்பர் முதல் ஏப்ரல் வரை, வானம் தெளிவு, விலை உச்சம். ஹுளங்கு தென்மேற்குக் காற்று, மே முதல் நவம்பர் வரை, இடையிடையே மழை, விலை இறங்கும்.

பலர் மழையை மட்டும் பார்த்து முடிவெடுக்கிறார்கள். டைவர் பார்க்க வேண்டியது நீரோட்டத்தை. இருவையில் நீரோட்டம் கிழக்கிலிருந்து மேற்கே போகும். கிழக்குப் பக்கக் கால்வாய்களில் பெருங்கடலின் தெளிந்த நீர் உள்ளே வரும், சுறாக்கள் அங்கே கூடும். அட்டோலுக்குள் புகுந்து மிதவை உயிரிகளை அள்ளிக்கொண்ட கலங்கிய நீர் மேற்கே வெளியேறும். மாண்டா திருக்கைகளுக்கு அந்தக் கலங்கல்தான் சாப்பாடு, ஆகவே அப்போது அவை மேற்குப் பக்கம். ஹுளங்கில் எல்லாம் இடம் மாறும், மாண்டாக்கள் கிழக்கே வரும். வடக்கு மாலே அட்டோலின் கிழக்கோரம் உள்ள லங்கன் மாண்டா பாயின்ட்டுக்கு மே முதல் நவம்பர் வரை போகச் சொல்வது இதனால்தான். பிப்ரவரியில் அங்கே அறை போட்டுவிட்டு மாண்டா எங்கே என்று கேட்டால் படகோட்டி சிரிப்பார்.

ஆக, எந்த மாதம் விடுமுறை என்பதை முதலில் எழுதுங்கள். அந்த மாதத்தில் என்ன பார்க்க ஆசை என்பதை அடுத்து எழுதுங்கள். இந்த இரண்டும் சேர்ந்து அட்டோலைக் காட்டிவிடும்.

அட்டோலைத் தேர்ந்தெடுப்பது

முதல் பயணம், குடும்பத்தோடு, டைவ் அடிக்காத துணையும் கூட வருகிறார் என்றால் வடக்கு மாலே அல்லது தெற்கு மாலே. விமான நிலையத்திலிருந்து ஸ்பீட் போட்டில் போய்விடலாம். 1972-இல் நாட்டின் முதல் ரிசார்ட்டான குரும்பா திறந்ததும் இங்கேதான். பனானா ரீஃப் போன்ற பழம்பெரும் டைவ் இடங்களும் பக்கத்தில். தலைநகரை ஒட்டியது, ரிசார்ட்டுகளும் அதிகம், ஆகவே சில இடங்களில் தண்ணீருக்கடியில் கூட்டம் மொய்க்கும்.

கையில் ஓப்பன் வாட்டர் இருந்து, ஒரு வாரம் முழுக்க டைவிங்குக்கே என்றால் நான் அரி அட்டோலைத்தான் சொல்வேன். வகை வகையான இடங்கள் இங்கே அருகருகே கிடக்கின்றன. தெற்கு அரியில் ஆண்டு முழுவதும் திமிங்கலச் சுறா வரும் கடற்பரப்பு உண்டு, 2009 முதல் பாதுகாக்கப்பட்ட பகுதி. வடக்கு அரியில் மாயா திலா, வெண்முனைச் சுறாக்களுக்குப் பேர் போனது. திமிங்கலச் சுறாவைப் பெரும்பாலும் மேற்பரப்பில்தான் பார்ப்பார்கள், சிலிண்டர் வேண்டாம், துணைவரும் கூட வரலாம். ஆனால் ஒரு சுறா தென்பட்டால் ஏழெட்டுப் படகு ஒரே நேரத்தில் கூடும். மனிதர்கள் தண்ணீரில் குதிக்கிற குதியில் எனக்குச் சுறாமேல் பரிதாபமே வந்தது.

மாண்டாவுக்காகவே போகிறீர்கள், ஜூலை முதல் அக்டோபர்வரை விடுப்பு கிடைக்கும் என்றால் பா அட்டோல். யுனெஸ்கோ 2011-இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்த பகுதி. இங்குள்ள ஹனிஃபரு விரிகுடாவில் மாண்டாக்கள் டஜன் கணக்கில் கூடிச் சுழன்று சுழன்று மேயும். ஆனால் ஹனிஃபருவில் ஸ்கூபா அனுமதி இல்லை, மேலே மிதந்தபடி குழாயில் மூச்சுவிட்டுப் பார்க்கும் ஸ்நார்க்கல் மட்டும்தான், அதுவும் 45 நிமிடம். இதைத் தெரிந்துகொள்ளாமல் டைவ் பேக்கேஜ் வாங்கிவிட்டுப் போய் ஏமாந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கொம்பன் சுறாவுக்கு ரஸ்தூ, புலிச் சுறாவுக்குத் தெற்கே ஃபுவஹ்முலா, வேகமான கால்வாய்களுக்கு வாவு. இம்மூன்றும் இரண்டாம் பயணத்துக்கு. டைவ் இடத்தின் பெயரைப் பார்த்தே பாதி தெரிந்துகொள்ளலாம். பெயர் ‘கிரி’ என்று முடிந்தால் அதன் உச்சி மேற்பரப்புக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னப் பார், புதியவருக்கு ஏற்றது. ‘திலா’ என்றால் உச்சியே சில மீட்டர் ஆழத்தில் இருக்கும், கொஞ்சம் பழக்கம் வேண்டும். ‘கண்டு’ என்றால் கால்வாய், நீரோட்டம் ஆளைத் தூக்கிக்கொண்டு போகும். ஒரு ரிசார்ட்டின் டைவ் இடப் பட்டியலில் கண்டுவாகவே இருந்தால் முதல் பயணத்துக்கு அதை விட்டுவிடுங்கள்.

போய்ச் சேரும் வழி

திருவனந்தபுரத்திலிருந்தோ கொழும்பிலிருந்தோ மாலேக்கு விமானத்தில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம்தான். அதற்கு அப்புறம்தான் செலவு. பக்கத்துத் தீவுகளுக்கு ஸ்பீட் போட், தூரத்துத் தீவுகளுக்குக் கடல் விமானம் அல்லது உள்நாட்டு விமானமும் படகும். அறைவாடகை மலிவாகத் தெரியும் தூரத்துத் தீவு, கடல் விமானக் கட்டணம் சேர்ந்ததும் மலிவாக இருக்காது. இரண்டையும் கூட்டித்தான் ஒப்பிட வேண்டும்.

கடல் விமானம் பகலில் மட்டும் பறக்கும். உங்கள் விமானம் பிற்பகல் மூன்றரைக்கு மேல் இறங்கினால் அன்று அதைப் பிடிப்பது கடினம், ஓர் இரவு மாலேயில் தங்க வேண்டி வரும். பெட்டி 20 கிலோ, கைப்பை 5 கிலோ என்று எடைபோடுவார்கள், சொந்த டைவ் சாமான் கொண்டுபோகிறவர்கள் கவனிக்க. மாலே நேரம் நம் நேரத்தைவிட அரை மணி பின்னால். பல ரிசார்ட்டுகள் வெயில் கூடுதலாகக் கிடைக்கட்டும் என்று தங்கள் தீவில் மட்டும் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி வைத்திருப்பார்கள். விமான நேரம் சொன்னால் ‘தீவு நேரமா, மாலே நேரமா’ என்று கேட்டுவிடுங்கள்.

விசா வந்திறங்கியதும் இலவசம். கிளம்புவதற்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் ‘இமுகா’ என்ற அரசுத் தளத்தில் பயண விவரத்தைப் பதிய வேண்டும், அதற்கும் காசு இல்லை. காசு கேட்கும் தளம் வந்தால் அது போலி.

டைவ் சென்டருக்கு ஒரு மின்னஞ்சல்

இரண்டு மூன்று தீவுகள் மிஞ்சியதும் ரிசார்ட்டுக்கு எழுதாதீர்கள், நேராக அங்குள்ள டைவ் சென்டருக்கு எழுதுங்கள். பெரும்பாலும் அதைத் தனி நிறுவனம்தான் நடத்தும், முகவரி தனியாக இருக்கும். நான் கேட்பவை இவை:

– ஹவுஸ் ரீஃபில் துணையோடு நாங்களாகவே இறங்க அனுமதி உண்டா, அல்லது ஒவ்வொரு முறையும் வழிகாட்டி கட்டாயமா?
– ஒரு நாளைக்கு எத்தனை படகு டைவ், குறைந்தது எத்தனை பேர் இருந்தால் கிளம்பும்?
– நாங்கள் வரும் வாரத்தில் எந்தெந்த இடங்களுக்குப் போவீர்கள்? படகில் எவ்வளவு நேரம்?
– 20 டைவ் மட்டுமே அடித்தவர்களைத் தனிக் குழுவாக அழைத்துப் போவீர்களா?
– படிப்பென்றால், ஓர் ஆசிரியருக்கு எத்தனை மாணவர்?
– டைவால் உடம்புக்கு ஏதாவது ஆனால் சிகிச்சை தரும் அழுத்த நீக்க அறை, அதாவது சேம்பர், எங்கே உள்ளது, அங்கே போக எவ்வளவு நேரம்?

ஆசிரியர் கணக்கில், டைவிங் சான்றிதழ் தரும் அமைப்பான ‘பாடி’யின் (PADI) விதி எட்டுப் பேர்வரை அனுமதிக்கிறது. நான்குக்கு மேல் என்றால் நான் தயங்குவேன். தமிழ் தெரிந்த ஆசிரியர் இருக்கிறாரா என்றும் கேட்டுப் பாருங்கள், இருந்தால் அதிர்ஷ்டம். பதிலில் சொல்லப்படுவதைவிடப் பதில் வரும் விதம் முக்கியம். ஒரு சென்டரிலிருந்து எனக்கு விலைப்பட்டியல் மட்டும் வந்தது. இன்னொன்றிலிருந்து ‘அந்த வாரம் முழுநிலவு, நீரோட்டம் கொஞ்சம் கூடுதலாக இருக்கும், உங்கள் மனைவிக்கு உள்பக்கத்து கிரிகளை ஒதுக்கி வைக்கிறோம்’ என்று வந்தது. எதற்குப் போனேன் என்று சொல்லத் தேவையில்லை.

காசுக் கணக்கு

மாலத்தீவு விலைப்பட்டியல்களில் ஒட்டிக்கொண்டு வரும் குறி ‘++’. விலைக்கு மேல் 10 சதவீதம் சேவைக் கட்டணம், அந்தத் தொகையின் மேல் 17 சதவீதம் சுற்றுலா வரி. வரி 2025 ஜூலையில் 16-லிருந்து 17 ஆனது. சேர்த்துப் பார்த்தால் 28.7 சதவீதம் கூடும்.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு, எண்கள் நானாகப் போட்டவை. பத்து டைவ் 600 டாலர், படகுக் கட்டணம் தலா 20 வீதம் 200, சாமான் வாடகை 150. மொத்தம் 950 என்று நினைப்பீர்கள். பில் ஏறத்தாழ 1,223 வரும். டைவிங் கட்டணத்துக்குச் சேவைக் கட்டணம் உண்டா என்று முன்பே கேட்டு எழுத்தில் வாங்குங்கள். ‘சிலிண்டரும் எடைக்கட்டியும் இலவசம்’ என்பது பெரிய சலுகை அல்ல, எல்லா இடத்திலும் வழக்கம்தான். ‘ஹவுஸ் ரீஃபில் எத்தனை டைவ் வேண்டுமானாலும்’ என்பதுதான் பேரம். இதோடு பசுமை வரி, ரிசார்ட்டுகளில் ஆளுக்கு ஒரு நாளுக்கு 12 டாலர்.

சாப்பாடும் தனி என்றால் கையைக் கடிக்கும், தீவில் வேறு கடை கிடையாது. மூன்று வேளையும் சேர்ந்த பேக்கேஜ் எடுங்கள். மதுவும் சேர்ந்த பேக்கேஜ் காலை எட்டரைப் படகைப் பிடிக்கிறவருக்கு வீண். காலையில் ‘மஸ் ஹுனி’ கிடைத்தால் விடாதீர்கள். தேங்காய்ப் பூ, சூரை மீன், வெங்காயம், மிளகாய் போட்டுப் பிசைந்து ரொட்டியோடு தருவார்கள். மாசிச் சம்பல் தின்று வளர்ந்தவர்களுக்கு ஊர் ஞாபகம் வரும். மாசிக் கருவாடு நமக்கு வந்ததே அங்கிருந்துதானே.

ரிசார்ட்டே வேண்டாம் என்றால்

மக்கள் வாழும் தீவுகளில் விருந்தினர் இல்லங்கள் இருக்கின்றன. தெற்கு அரியில் திகுரா, மாலேக்குப் பக்கத்தில் மாஃபுஷி, பா அட்டோலில் ஹனிஃபருவை ஒட்டிய தரவந்தூ, அப்புறம் உகுல்ஹஸ், ரஸ்தூ. ரிசார்ட் செலவில் சிறு பங்கில் முடியும், படகில் அதே கடலுக்குத்தான் போவார்கள். மது கிடையாது, நீச்சலுடையை அதற்கென ஒதுக்கிய கடற்கரையில் மட்டும் போடலாம், வெள்ளிக்கிழமை நண்பகலில் ஊரே தொழுகைக்குப் போய்விடும். ஐம்பதுக்குக் குறைவான அறைகள் உள்ள இல்லங்களில் பசுமை வரியும் பாதிதான். தனியாகவோ நண்பர்களோடோ டைவிங்குக்கென்றே போகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். குழந்தைகளும் பெற்றோரும் கூட வந்தால் ரிசார்ட்.

முதல் நாளும் கடைசி நாளும்

போன அன்றே பெரிய சுறாவைத் தேடிக் கிளம்ப முடியாது. முதலில் ஆழமில்லாத இடத்தில் ஒரு சோதனை டைவ். முகமூடியில் தண்ணீரை விட்டு வெளியேற்றுவது, வாயில் வைத்து மூச்சிழுக்கும் ரெகுலேட்டரைக் கழற்றி மறுபடி மாட்டுவது எல்லாம் செய்து காட்ட வேண்டும். கௌரவக் குறைச்சல் என்று முகத்தைச் சுளிக்கிறவர்கள் உண்டு. எடைக்கட்டி எத்தனை கிலோ என்று சரியாகப் பிடிபடுவது அங்கேதான், அதனால் அதைச் சந்தோஷமாகச் செய்யுங்கள். மேலே வரும்போது நீட்டும் மிதவைக் குழலை எப்படி ஊதுவது என்றும் கற்றுக்கொள்ளுங்கள், நீரோட்டத்தில் படகிலிருந்து விலகிப்போனால் அதுதான் உங்கள் கை. ஏறும் படகுக்கு அங்கே பெயர் ‘தோணி’. நம் தோணியேதான்.

மூக்கடைப்பு இருந்தால் இறங்க வேண்டாம். காது அடைத்தால் உடனே ஒரு மீட்டர் மேலே வாருங்கள். ‘இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்’ என்று ஒரு நண்பர் இறங்கினார், மீதி நான்கு நாளும் கரையில்தான்.

கடைசி நாளை முன்பதிவின்போதே ஒதுக்கிவிடுங்கள். பல நாள் தொடர்ந்து டைவ் அடித்தவர் விமானம் ஏறுமுன் குறைந்தது 18 மணி நேரம் விட வேண்டும், பல சென்டர்கள் 24 என்று வைத்திருக்கின்றன. கடல் விமானமும் விமானம்தான், பலர் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. பெரிய விமானம் மாலையில் என்றாலும் காலை எட்டுக்குக் கடல் விமானம் ஏறினால், அந்த எட்டிலிருந்துதான் பின்னோக்கி எண்ண வேண்டும். ஆக ஏழு இரவுப் பயணத்தில் டைவிங் நாட்கள் ஐந்துதான், பத்து டைவ் பேக்கேஜ் போதும், பதினைந்து வாங்காதீர்கள். சாதாரணப் பயணக் காப்பீட்டில் ஸ்கூபா சேராமல் இருக்கலாம், ‘டான்’ போன்ற டைவர் காப்பீடு எடுப்பது நல்லது.

அந்தக் கடைசி நாளில் சாமானை நன்னீரில் அலசிக் காயப்போட்டுவிட்டு, ஹவுஸ் ரீஃபில் ஸ்நார்க்கல் போடுங்கள், அதற்குத் தடையில்லை. சங்கோ பவளத் துண்டோ பெட்டியில் வைக்காதீர்கள், விமான நிலையத்தில் பிடிப்பார்கள். திரும்பும்போது கடல் விமானத்தில் சன்னலோர இடம் கிடைத்தால் கைபேசியைத் தயாராக வைத்திருங்கள். கீழே வரிசையாக வரும் தீவுகளில் கருநீலக் கோடு கரையை ஒட்டி ஓடுவது எது என்று படமெடுத்துக்கொள்ளலாம். அடுத்த பயணத்துக்கான பட்டியலை நான் அப்படித்தான் போட்டு வைத்திருக்கிறேன்.